போன படையும் திரும்பி வந்த படையும்

அமெரிக்காவின் வெளிநாட்டுப் படைத்தளங்களைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் நண்பர்களுக்கிடையே நடக்கும் வாதங்களிலும் பெரும்பாலும் இரண்டு குரல்களைத்தான் கேட்டிருக்கிறேன். அந்தத் தளங்கள் அனைத்தும் ஏகாதிபத்தியத்தின் கூடாரங்கள், அவற்றைக் காலி செய்துவிட்டால் உலகம் அமைதியடைந்துவிடும் என்பது ஒரு குரல். அவை இல்லாவிட்டால் அடுத்த நாளே சீனாவும் ரஷ்யாவும் அண்டை நாடுகளை விழுங்கிவிடும் என்பது மற்றது. ஏறத்தாழ 80 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் சுமார் 750 தளங்கள் அமெரிக்கா வசம் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு பெரிய ஏற்பாட்டை ஒரே வரியில் ஆதரிப்பதும் ஒரே வரியில் எதிர்ப்பதும் எளிது. ஆனால் தளம் இருந்த காலம், அது போன காலம், மறுபடி வந்த காலம் ஆகிய மூன்றையும் ஒரே நாடு கண்டிருக்குமானால், வாதத்தை அங்கே கொண்டுபோய் உரசிப் பார்ப்பதுதான் நியாயம். அப்படி ஒரு நாடு இருக்கிறது. அது பிலிப்பைன்ஸ்.

1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் வென்ற அமெரிக்கா, 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸைத் தன் வசமாக்கிக்கொண்டது. அதை ஏற்க மறுத்த பிலிப்பினோக்களோடு 1899 முதல் 1902 வரை கடும் போர் நடத்தியது. 1946 ஜூலை 4-ஆம் தேதி சுதந்திரம் வழங்கப்பட்டது. தேதியைக் கூடத் தன் சுதந்திர நாளாகவே அமெரிக்கா தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்பது ஒரு வேடிக்கை. அடுத்த எட்டே மாதங்களில், போரில் நொறுங்கிக் கிடந்த அந்த நாட்டுடன் 99 ஆண்டுகளுக்கான தள ஒப்பந்தம் கையெழுத்தானது. 1966-இல் அந்தக் காலம் குறைக்கப்பட்டு, 1991 செப்டம்பர் 16 அன்று முடியும் என்று ஆயிற்று. இதற்கிடையே 1951-இல், ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றது உதவ வேண்டும் என்ற பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கையும் ஏற்பட்டது. தளம் வேறு, உடன்படிக்கை வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த குழப்பங்களில் பாதி, இவை இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

சூபிக் விரிகுடாவில் கடற்படைத் தளமும், பம்பாங்கா மாநிலத்தில் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிக் கிளார்க் விமானப்படைத் தளமும் அமைந்திருந்தன. அமெரிக்காவின் ஏழாவது கப்பற்படைக்கு ஆழமான, புயலுக்குப் பாதுகாப்பான, கூலி மலிவான பழுதுபார்ப்புத் துறைமுகம் சூபிக். வியட்நாம் போர் முழுவதும் கப்பல்கள் அங்கே வந்து எரிபொருளும் வெடிபொருளும் ஏற்றிக்கொண்டு போயின. 1973-இல் ஹனோய் விடுவித்த அமெரிக்கப் போர்க்கைதிகள் முதலில் வந்திறங்கியது கிளார்க்கில்தான். பிலிப்பைன்ஸ் மக்களுக்கு வியட்நாம் மக்களோடு எந்தப் பகையும் கிடையாது. ஆயினும் அவர்கள் மண்ணிலிருந்து அந்தப் போர் நடத்தப்பட்டது.

சூபிக் தளத்தின் வாசலில் இருந்த ஒலோங்காப்போ நகரத்தை 1959 வரை அமெரிக்கக் கடற்படையே நிர்வகித்தது. சுதந்திரம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகும், ஒரு பிலிப்பைன்ஸ் ஊர் அந்நியக் கடற்படை அதிகாரியின் ஆளுகையில் இருந்தது என்று பொருள். தளத்தின் வாயிலுக்கும் மதுக்கடைத் தெருவுக்கும் நடுவே சாக்கடை கலந்த கால்வாய் ஒன்று ஓடியது. பாலத்தைக் கடக்கும் மாலுமிகள் மேலிருந்து காசுகளை வீசுவார்கள். கீழே சிறு படகுகளில் காத்திருக்கும் சிறுவர்கள் அந்தக் கறுத்த நீருக்குள் குதித்துத் துழாவி எடுப்பார்கள். அங்கே பணியாற்றிய மாலுமிகளின் நினைவுக் குறிப்புகளில் இந்தக் காட்சி மீண்டும் மீண்டும் வருகிறது. சிலர் அதை வெட்கத்தோடு எழுதுகிறார்கள், சிலர் வேடிக்கையாக எழுதுகிறார்கள். அமெரிக்கப் படையினருக்குப் பிறந்த ஆசியக் குழந்தைகள் குடியேற வழி செய்த 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, தாய்லாந்து ஆகியவற்றின் பெயர்கள் உண்டு. பிலிப்பைன்ஸின் பெயர் இல்லை.

இதையெல்லாம் வட்டாரத்தின் அமைதிக்காகக் கொடுத்த விலை என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் அந்த அமைதி யாருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டும். 1972-இல் ராணுவச் சட்டத்தை அறிவித்த அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ், தளங்கள்தான் தன் கையில் உள்ள துருப்புச் சீட்டு என்பதை நன்றாக அறிந்திருந்தார். 1979-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர், 1983-இல் மறுபடி ஐந்தாண்டுகளுக்கு 90 கோடி டாலர் என்று உதவி உறுதியளிக்கப்பட்டது. அடக்குமுறையைப் பற்றி வாஷிங்டனில் எழுந்த முணுமுணுப்புகள் அந்தத் தளங்களின் முன் எடுபடவில்லை. 1986 பிப்ரவரியில் மக்கள் எழுச்சி வென்றபோது, மார்க்கோஸ் குடும்பம் அரண்மனையிலிருந்து அமெரிக்க ஹெலிகாப்டர்களில் ஏறிப் போய்ச் சேர்ந்த இடமும் கிளார்க்தான். நான்கு ஆண்டுகளுக்குள், 1989 டிசம்பரில், அந்த எழுச்சியால் அதிபரான கொராசோன் அக்கினோவைக் கவிழ்க்க ராணுவத்தின் ஒரு பகுதி கிளர்ந்தபோது, அதே கிளார்க்கிலிருந்து எழுந்த அமெரிக்கப் போர் விமானங்கள் மணிலாவின் மேல் பறந்து கிளர்ச்சிக்காரர்களின் விமானங்களைத் தரையிலேயே முடக்கின. சர்வாதிகாரியைத் தாங்கிய தளம் ஜனநாயகத்தையும் தாங்கியது. இரண்டு முறையும் முடிவெடுத்தது மணிலா அல்ல, வாஷிங்டன். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க ராணுவ ஆலோசகர் கர்னல் ஜேம்ஸ் ரோவைக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். உள்நாட்டுக் கிளர்ச்சிக்கு ஆள் சேர்க்க அந்தத் தளங்களைவிட நல்ல காரணம் கெரில்லாக்களுக்குக் கிடைத்திருக்காது.

1987-ஆம் ஆண்டின் புதிய அரசியல் சட்டம், 1991-க்குப் பின் செனட்டின் ஒப்புதல் பெற்ற உடன்படிக்கை இன்றி அந்நியத் தளமோ படையோ நாட்டில் இருக்கக் கூடாது என்று விதித்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே, 1991 ஜூன் 15 அன்று பினாதுபோ எரிமலை வெடித்தது. அதே நாளில் புயலும் கரையைக் கடந்ததால், மழையில் நனைந்த சாம்பலின் கனம் தாங்காமல் கூரைகள் இடிந்து விழுந்தன. கிளார்க் தளம் சாம்பலில் புதைந்தது. அதைத் துப்புரவு செய்ய ஆகும் செலவைக் கணக்கிட்ட அமெரிக்கர்கள், அது தங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். சூபிக்கை மட்டும் மேலும் பத்தாண்டுகள் வைத்துக்கொள்ள, ஆண்டுக்கு 20.3 கோடி டாலர் தருவதாகப் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. அக்கினோ அதை ஆதரித்து ஊர்வலமே நடத்தினார். செப்டம்பர் 16 அன்று செனட்டில் 12 பேர் எதிர்த்தும் 11 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். ஒப்புதலுக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவை. செனட் தலைவர் ஹோவிட்டோ சலோங்கா உடன்படிக்கை தோற்றது என்று அறிவித்துச் சுத்தியலைத் தட்டினார். 1992 நவம்பர் 24 அன்று கடைசி அமெரிக்கக் கப்பல் சூபிக்கை விட்டுப் புறப்பட்டது.

அந்தப் பன்னிரண்டு பேர் பக்கமே என் மனம் இன்றும் சாய்கிறது. தளம் போனால் ஒலோங்காப்போ பட்டினி கிடக்கும் என்ற பயமுறுத்தலும் பலிக்கவில்லை. விட்டுச் சென்ற கட்டடங்களும் ஓடுபாதையும் சூறையாடப்படாமல் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்களாக நின்று காவல் காத்தார்கள். சில ஆண்டுகளில் சூபிக் ஒரு கட்டற்ற வணிக மண்டலமாக எழுந்து நின்றது. மண்ணிலும் நீரிலும் எஞ்சிய நச்சுக் கழிவுகளைச் சுத்தம் செய்யும் கடமை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதப்படாததால் யார் தலையிலும் விழவில்லை.

ஆனால் கடல் பக்கம் நடந்தது வேறு. 1995-இன் தொடக்கத்தில், பலவான் தீவிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மிஸ்சீஃப் என்ற பவளத் திட்டில் சீனா கால்நட்டுக் குடில்கள் கட்டியிருப்பதைப் பிலிப்பைன்ஸ் கண்டுபிடித்தது. மீனவர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டியவை என்றது பெய்ஜிங். இன்று அந்த இடத்தில் செயற்கைத் தீவும் போர் விமானங்கள் இறங்கக்கூடிய ஓடுபாதையும் இருக்கின்றன. அமெரிக்கர்கள் வெளியேறி ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் இது நடந்ததால், தளம் போனது, திட்டும் போனது என்று வாதிடுவோர் சுட்டிக்காட்டும் முதல் சான்று இதுதான்.

சான்று வலுவானதுதான், ஆனால் முழுமையானதன்று. 1974-இல் தென் சீனக் கடலின் பாராசெல் தீவுகளைத் தெற்கு வியட்நாமிடமிருந்து சீனா பறித்தபோது சூபிக் தளம் முழு வீச்சில் இயங்கிக்கொண்டிருந்தது. 1988-இல் ஜான்சன் திட்டில் வியட்நாம் வீரர்கள் 64 பேரைச் சீனக் கடற்படை கொன்றபோது, வியட்நாமின் காம் ரான் விரிகுடாவில் சோவியத் படைத்தளம் இருந்தது. மாஸ்கோ ஒரு கப்பலைக்கூட நகர்த்தவில்லை. ஆகவே வல்லரசின் தளம் ஒரு நாட்டில் இருக்கிறது என்பதாலேயே அந்த நாட்டின் ஒவ்வொரு பாறைக்கும் காவல் கிடைத்துவிடாது. எந்தப் பாறைக்காகச் சண்டையிடுவது என்பதைத் தளத்தின் சொந்தக்காரரே தீர்மானிக்கிறார். மறுபக்கம், சூபிக்கில் அமெரிக்கக் கப்பல்கள் இருந்த காலமெல்லாம் சீனா வியட்நாமோடுதான் மோதியது, பலவானுக்கு அருகிலுள்ள மிஸ்சீஃப் போன்ற திட்டுகளில் கை வைக்கவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

வெற்றிடத்தை உண்டாக்கியது தளம் போனது மட்டும்தானா என்று பார்த்தால், அது இருந்த காலத்திலேயே குழி தோண்டப்பட்டிருந்தது தெரிகிறது. நாற்பத்தைந்து ஆண்டுகள் வெளிக்காவலை அமெரிக்கா பார்த்துக்கொண்டதால், பிலிப்பைன்ஸ் ராணுவம் உள்நாட்டுக் கெரில்லாக்களை வேட்டையாடும் தரைப்படையாகவே வளர்ந்தது. எல்லாமே இரவல் நகை, கழற்றிக்கொண்டு போனதும் கழுத்து வெறுமையாகிவிட்டது. மிஸ்சீஃப் அதிர்ச்சிக்குப் பின் 1995-இலேயே ராணுவ நவீனமயமாக்கல் சட்டம் இயற்றினார்கள். 1997-இன் ஆசிய நிதி நெருக்கடி அதன் பணத்தைத் தின்றுவிட்டது. விமானப்படையிடம் இருந்த கடைசி எஃப்-5 போர் விமானங்கள் 2005-இல் ஓய்வு பெற்றன. அதன்பின் 2015-இல் தென் கொரியாவிடமிருந்து எஃப்ஏ-50 வந்து சேரும் வரை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட அந்த நாட்டிடம் ஒரு ஜெட் போர் விமானம்கூடக் கிடையாது. பன்னிரண்டு செனட்டர்களின் முடிவைக் குறை சொல்லுவோர், அதற்குப் பின் வந்த அரசுகள் வீணாக்கிய இருபது ஆண்டுகளை அந்த முடிவின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன்.

அந்த ஏழ்மை எப்படியிருந்தது என்பதற்கு ஒரு கப்பலைப் பார்த்தால் போதும். சியரா மாட்ரே என்பது அதன் பெயர். 1944-இல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் ஓடி, வியட்நாம் போரில் ஓடி, தெற்கு வியட்நாமுக்குக் கைமாறி, 1976-இல் பிலிப்பைன்ஸுக்கு வந்து சேர்ந்த தரையிறங்கு கப்பல் அது. மிஸ்சீஃபுக்கு அருகிலுள்ள செகண்ட் தாமஸ் திட்டையும் இழந்துவிடக் கூடாது என்பதற்காக, 1999-இல் அதை வேண்டுமென்றே பவளப்பாறையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். அன்று முதல் ஒரு சிறு கடற்படைக் குழு முறை வைத்து அதில் குடியிருக்கிறது. மேல்தளத்தில் துரு அரித்த ஓட்டைகளின் மீது பலகைகளைப் போட்டு நடக்கிறார்கள். மீன் பிடித்து உணவோடு சேர்த்துக்கொள்கிறார்கள். ஆயினும் அது கடற்படைப் பட்டியலில் இருந்து நீக்கப்படாத கப்பல். எனவே அதைத் தாக்குவது 1951 உடன்படிக்கையின்படி பிலிப்பைன்ஸ் கடற்படையைத் தாக்குவதாகும். எண்பது வயதுத் துருவுக்குள் இருக்கும் உண்மையான ஆயுதம் அந்தச் சட்ட நுணுக்கம்தான்.

சீனா அந்த நுணுக்கத்தை நன்றாகவே படித்திருக்கிறது. உடன்படிக்கை ஆயுதத் தாக்குதலைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே துப்பாக்கி வெடிக்காத வழிகளாகவே சீனக் கடலோரக் காவற்படை தேர்ந்தெடுக்கிறது. உணவு கொண்டு போகும் படகுகள் மீது நீரைப் பீய்ச்சி அடிக்கிறது, லேசர் ஒளி பாய்ச்சுகிறது, குறுக்கே வந்து மோதுகிறது. 2024 ஜூன் 17 அன்று கத்தி, கோடரிகளோடு படகுகளை மறித்து நடந்த மோதலில் பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் கட்டை விரலை இழந்தார். அதை ஆயுதத் தாக்குதல் என்று வகைப்படுத்த மணிலாவும் முன்வரவில்லை. வல்லரசுப் பாதுகாப்பு பெரிய போரைத் தடுக்கிறது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பகை அதனால் அடங்கிவிடவில்லை, போர் என்று பெயர் சூட்ட முடியாத மட்டத்துக்கு இறங்கி, அங்கே நாள்தோறும் நடக்கிறது. அந்த மட்டத்தில் அடி வாங்குபவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் கடைநிலை மாலுமிகளும். 2012-இல், மணிலா அமைந்துள்ள லூசோன் தீவின் கரையிலிருந்து சுமார் 220 கிலோமீட்டரில் உள்ள ஸ்கார்பரோ திட்டில் இரு தரப்புக் கப்பல்களும் முறைத்து நின்றபோது, அமெரிக்கா இடையில் புகுந்து பேசிய சமரசத்தை நம்பிப் பிலிப்பைன்ஸ் கப்பல்கள் விலகின. சீனக் கப்பல்கள் திரும்பி வந்து நின்றுகொண்டன. வாஷிங்டன் வருத்தம் தெரிவித்ததோடு சரி. தென் சீனக் கடலில் உள்ள கப்பல்களுக்கும் உடன்படிக்கை பொருந்தும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னதே 2019 மார்ச்சில்தான்.

படையைத் திருப்பி அழைப்பதும் ஆபத்தில்லாத காரியமன்று என்பதற்குக் கொரியா உதாரணம். 1971-இல் நிக்ஸன் ஏறத்தாழ 20,000 வீரர்களைத் தென் கொரியாவிலிருந்து விலக்கிக்கொண்டதும், இனி அமெரிக்காவை நம்ப முடியாது என்று முடிவு கட்டிய அந்நாட்டு அதிபர் பார்க் சுங் ஹீ ரகசியமாக அணுகுண்டு முயற்சியில் இறங்கினார். அமெரிக்க நெருக்குதலால்தான் அது கைவிடப்பட்டது. இன்றும் அங்கே இருக்கும் சுமார் 28,500 வீரர்கள் வடக்கை மட்டும் தடுக்கவில்லை, தெற்கையும் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எதிரியைத் தடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நட்பு நாட்டை அடக்கி வைக்கும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, பேசினால் இரு தரப்புக்கும் சங்கடம்.

பிலிப்பைன்ஸுக்குள் அமெரிக்கப் படை திரும்பி வந்த கதையில் நாடகத்துக்குக் குறைவில்லை. 1991-இல் தளங்களை எதிர்த்து வாக்களித்த ஜோசப் எஸ்ட்ராடா, 1999-இல் அதிபராக இருந்து, அமெரிக்கப் படையினர் வந்து போவதற்கான ஒப்பந்தத்துக்குச் செனட்டின் ஒப்புதலைப் பெற்றுத் தந்தார். 2014-இல் அடுத்த ஒப்பந்தம் வந்தது. தளம் என்ற பெயரே அதில் கிடையாது. பிலிப்பைன்ஸ் ராணுவ முகாம்களுக்குள் அமெரிக்கர்கள் கட்டடம் கட்டிக்கொள்வார்கள், தளவாடங்களைச் சேமித்து வைப்பார்கள், படைகள் மாறி மாறி வந்து போகும். 2020-இல் அதிபர் ரோட்ரிகோ டுடெர்டே 1999 ஒப்பந்தத்தை முறிக்கப்போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டே அதை மீட்டுக்கொண்டார். 2023-இல் மார்க்கோஸின் மகன் அதிபராக இருக்கும்போது, அமெரிக்கப் படைக்குத் திறந்துவிடப்பட்ட ஐந்து இடங்கள் ஒன்பதாயின.

புதிய நான்கு இடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவற்றில் ஒன்று பலவானின் தெற்கே தென் சீனக் கடலை நோக்கி இருக்கிறது. மற்ற மூன்றும் லூசோனின் வடக்கில், தைவானைப் பார்த்த பக்கத்தில் இருக்கின்றன. 2024 ஏப்ரலில், சீன நிலப்பரப்பை எட்டக்கூடிய அமெரிக்காவின் டைஃபோன் ஏவுகணை அமைப்பும் வடக்கு லூசோனுக்கு வந்து, பயிற்சி முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டது. இவற்றை எந்தத் தாக்குதல் நடவடிக்கைக்கும் பயன்படுத்த விடமாட்டோம் என்று அதிபர் மார்க்கோஸ் சொல்லியிருக்கிறார். அவர் மனமறிந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் தைவானுக்காகப் போர் மூண்டால், அந்த ஏவுகணைகள் சுடுகின்றனவா இல்லையா என்று பார்த்துக்கொண்டு எந்தச் சீனத் தளபதியும் காத்திருக்க மாட்டார். தைவானிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், பிலிப்பைன்ஸின் வடகோடியில் உள்ள பதானெஸ் தீவுக்காரர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் விவாதமன்று. தன் மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களை அப்போதைய ககயான் ஆளுநர் மானுவல் மம்பா வெளிப்படையாக எதிர்த்ததும் இந்த அச்சத்தால்தான். சொந்தத் திட்டுகளைக் காக்க வேண்டும் என்று அழைக்கப்பட்ட படை, மூன்றாம் நாட்டுக்கான போரின் முன்வரிசையில் அழைத்தவரை நிறுத்திவிட்டது.

இதற்கு நடுவே நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சுமார் 37.5 கோடி டாலருக்கு இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் அவை பிலிப்பைன்ஸ் வந்து சேரத் தொடங்கின. விசையை அழுத்தும் கை பிலிப்பைன்ஸின் கையாகவே இருக்கும் ஆயுதம் அது. 1992-இல் தொடங்கியிருக்க வேண்டிய வேலை முப்பது ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருக்கிறது.

2014 ஒப்பந்தத்துக்குச் செனட்டின் ஒப்புதல் தேவையில்லை என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதன் முதல் பத்தாண்டுக் காலம் 2024 ஜூனில் முடிந்தபோது ஒப்பந்தம் தானாகவே நீடித்துக்கொண்டது, அப்படித்தான் அதில் எழுதியிருக்கிறது. தெருவில் ஊர்வலம் இல்லை, சபையில் வாக்கெடுப்பும் இல்லை. விலக விரும்பும் தரப்பு ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். அப்படி ஒரு நாள் வாஷிங்டனே அறிவிப்புக் கொடுத்துவிட்டால், அந்த ஓராண்டுக்குள் மணிலா என்ன செய்துகொள்ளும் என்ற கேள்வியை அங்குள்ள அரசியல்வாதிகளில் மிகச் சிலரே எழுப்புகிறார்கள்.